காதில் வைத்த பஞ்சு

ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் ஏரிமேல் நின்றார்கள், ஏரிக்கரையில் இல்லை, ஏரிமேலேயே, வெள்ளை விரிப்பில் யாரோ கைதவறிக் கொட்டிய மிளகு மாதிரி, கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாக, இங்கேயிருந்து பார்த்தால் எது தன் புருஷன் எது அவன் அக்கா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. இமல்டா மட்டும் இந்தப் பக்கம், மரவீட்டுக்குள், விறகு அடுப்புக்குப் பக்கத்தில், மடியில் பிள்ளை ஜோவிட்டாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொங்கலை ஒட்டி வருகிற சனி ஞாயிறில் தமிழ்ச்சங்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து டுலூத் நகரத்துக்கு வடக்கே ஏரியோரம் வீடு எடுத்துத் தங்குவது வருஷா வருஷம் நடப்பதுதான், பகலில் பனிச்சறுக்கு, உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பு, அங்கேயே பொரித்துத் தின்பது, போன வருஷம் அவள் வயிற்றுப் பிள்ளைக்காரி என்று வரவில்லை, இந்த வருஷம் வந்தும் வராதவளாக உட்கார்ந்திருக்கிறாள். காலையில் கதிரேசன் அண்ணன் கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு இறங்கும்போது, ஐஸ்மேல அடுப்பு வச்சா உருகிடாதாண்ணே என்று இவள் கேட்டதற்கு, உருகினா ரசம் வச்சுக்கலாம் தங்கச்சி, தண்ணிக்கா பஞ்சம் என்றார், மதுரைக்காரருக்கு எதிலும் பயமில்லை, உங்க ஊர்ல மீனத் தேடிக் கடலுக்குப் போவாய்ங்க, இங்க ஃபிரிட்ஜுக்குள்ள கைய விட்டா மீன் உயிரோட வருது, வா வந்து பாரு என்று வேறு சொன்னார். அவள் எழுந்துகூட விட்டாள். அதற்குள் மைனி, புருஷன் டெரன்ஸுடைய அக்கா ஸ்டான்ஸி மைனி, வாசலில் பூட்ஸுக்குள் காலைத் திணித்துக்கொண்டே, நீ எங்கட்டி கிளம்புத, பிள்ளைய வச்சுக்கிட்டு உள்ள இரி, போன தடவ பட்டது போதாதா என்றாள், எல்லார் முன்னாலும், சங்கத்துச் சிநேகிதி தர்ஷி முன்னாலும். தர்ஷி வேறு பக்கம் பார்த்தாள். இவள் உட்கார்ந்தாள். உட்கார் என்றால் உட்காருவதும் நில் என்றால் நிற்பதும் அவளுக்கு நன்றாக வரும், கான்வென்ட்டில் அதற்குப் பரிசே வாங்கியிருக்கிறாள்.

போன தடவை. அந்த ரெண்டு வார்த்தையை மைனி சொல்லும்போதெல்லாம் இமல்டாவின் கை தானாகப் பிள்ளையின் நெற்றிக்குப் போய்விடும், இப்போதும் போனது, புறங்கையால் தொட்டாள், சூடா, அடுப்புச் சூடா, தெரியவில்லை. போன தடவை என்பது நவம்பரில் முதல் பனி விழுந்த நாள். பால்கனியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்று ஒரு துளிப் பனியை அந்தச் சின்ன உள்ளங்கையில் வைத்தாள், பாரு பாப்பா பஞ்சு என்றாள், பிள்ளை சிரித்தது, அவ்வளவுதான், அன்றைக்கு ராத்திரியே காய்ச்சல், காய்ச்சல் ஏறி ஜன்னி, கண் மேலே செருகி, தாடை இறுகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்ததை அவள் பார்த்தாள். ஒரு தாய் பார்க்கக்கூடாத எதையோ பார்த்துவிட்டு வந்தவள் போலத்தான் அன்றிலிருந்து தன்னை நினைத்துக்கொள்கிறாள். அந்த நேரத்தில் மைனி, இரும்பக் குடுங்க, இரும்பக் கையில குடுங்க என்று அலறி, வீட்டில் இரும்பு எங்கே இருக்கிறது, எல்லாம் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும், கடைசியில் ஆணியில் தொங்கிய கார்ச்சாவியைப் பிடுங்கிப் பிள்ளையின் கைக்குள் வைத்து அழுத்தினாள், அதுவும் பிளாஸ்டிக்தான், பட்டன் வைத்த பிளாஸ்டிக், அழுத்தின அழுத்தலில் கீழே கார் நிறுத்தும் இடத்தில் அவர்கள் கார் வீல் வீலென்று கத்த ஆரம்பித்துவிட்டது, பிள்ளை இழுக்கிறது, கார் கத்துகிறது, டெரன்ஸ் போனில் முகவரி சொல்கிறான், அவன் சொல்வது எதிராளிக்குக் கேட்கவில்லை, என்ன சத்தம் என்ன சத்தம் என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் இழுப்பு தானாக நின்றிருந்தது. கார் நிற்கவில்லை. மறுநாள் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள், இது வைரஸ் காய்ச்சல், இந்த வயதில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது இப்படி வரும், வளர வளரப் போய்விடும், பனி இதைக் கொண்டுவரவில்லை, நீ ஒன்றும் செய்யவில்லை. இங்கிலீஷில் சொன்னதை இமல்டா ஒரு வார்த்தை விடாமல் மைனிக்குத் தமிழில் சொன்னாள். கேட்டுவிட்டு மைனி, அவளுவளுக்கு என்ன தெரியும், ஐஸுக்குள்ளேயே பிறந்து ஐஸுக்குள்ளேயே வளர்ந்தவளுவ, நம்ம ரத்தம் வேற என்றாள். அதில் மோசம் என்னவென்றால் இமல்டாவும் உள்ளூர அதையே நம்பினாள். டாக்டரை நம்பினால் அது இன்னொரு முறை சொல்லாமல் கொள்ளாமல் வரும், யாராலும் தடுக்க முடியாது. மைனியை நம்பினால் பனிக்குப் போகாமல் இருந்தால் போதும், வராது. அதனால் அன்றிலிருந்து ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை.

அந்த நம்பிக்கை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பார், இமல்டா. வெள்ளிக்கிழமை மைனி தூத்துக்குடிக்குக் கிளம்புகிறாள், அவளோடு பிள்ளையும் போகட்டுமாம், ஈஸ்டர் முடிந்து இங்கே பனியெல்லாம் கரைகிற மட்டும் அத்தை, டெரன்ஸுடைய அம்மா, பார்த்துக்கொள்வார்களாம், ஊரில் பிள்ளைக்கு வெயிலும் மீன்குழம்புமாக இருக்குமாம், ஊர் உலகத்துல இல்லாததா, இங்க உள்ளவுக முக்கால்வாசிப்பேரு இப்படி அனுப்பித்தான் வேலைக்குப் போறாக என்கிறாள் மைனி. உண்மைதான், அனுப்புகிறார்கள்தான், போனவாரம்கூட ஒருத்தி அனுப்பிவிட்டு வீடியோவில் பிள்ளை தன்னைப் பார்த்துப் பின்னால் ஒளிந்துகொண்டதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள், சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது. இந்த ஞாயிறுக்குள்ள ஒரு முடிவச் சொல்லிரு இமி என்று டெரன்ஸ் கேட்டான், அவன் கேட்ட விதத்தில் முடிவு ஏற்கெனவே இருந்தது. நேற்றுக் காரில் வரும்போது அவள் சரி என்று சொல்லவில்லை, ம் என்றாள். அந்த ம்மை மைனி சரி என்று எடுத்துக்கொண்டு, அப்பமே ஊருக்குப் போன் போட்டுத் தொட்டிலை இறக்கித் துடைக்கச் சொல்லிவிட்டாள். ம். வாயைத் திறக்காமல் சொல்லக்கூடிய வார்த்தை அது ஒன்றுதான். நாலாம் வகுப்பில் பேசினதற்காக சிஸ்டர் பெர்னபெத் அவளை வராந்தாவில் நிறுத்தினாள், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நான் கூப்பிடுகிற வரைக்கும் நில் என்றாள், அப்புறம் மறந்துபோனாள், மணி அடித்தது, பிள்ளைகள் போனார்கள், சிஸ்டர்கள் ஜெபத்துக்குப் போனார்கள், இவள் நின்றாள், வராந்தாவில் வெயில் நீளமாகித் தேய்ந்து போனது, இவள் நின்றாள், விரலை எடுத்தால் பாவம், மூத்திரம் முட்டியது, இவள் நின்றாள், கடைசியில் விளக்கேற்ற வந்த வாட்ச்மேனின் பெண்சாதி, ஏ பிள்ள, உன்ன யாரு இங்க விட்டுட்டுப் போனா என்று விரலைப் பிடித்து இறக்கிவிட்டாள். அந்த வருஷம் நன்னடத்தைக்கு அவளுக்கு ஒரு பேனா கொடுத்தார்கள்.

ஜோவிட்டா சிணுங்கினாள், சிணுங்கல் அழுகையாகி, அழுகை மூச்சு முட்டுகிற அழுகையாகியது. முகம் செக்கச் செவேலென்று இருந்தது. இமல்டா நெற்றியைத் தொட்டாள், சுட்டது, இந்தத் தடவை சந்தேகமே இல்லை, சுட்டது. வந்துவிட்டது. பனிக்குக் கொண்டு போகவே இல்லையே, கதவைக்கூடத் திறக்கவில்லையே, பின்னே ஏன். தெர்மாமீட்டர் மைனியின் கைப்பையில், கைப்பை ஏரிமேல். டெரன்ஸுக்குப் போன் போட்டாள், மேசைமேலிருந்தே அவன் போன் அடித்தது. ஒருக்களித்துப் படுக்கப் போடு, வாயில் எதையும் வைக்காதே, கடிகாரத்தைப் பார், டாக்டரம்மா சொன்னதெல்லாம் வரிசை மாறி மாறி வந்தது, ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள், பாதி வழியில் அடுத்த வரி மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து மறுபடி அதே இடத்தில் மாட்டினாள், சிறு வயதிலிருந்து தூக்கத்திலும் சொல்கிற ஜெபம். பிள்ளையின் பிடரியில் கை வைத்தாள். ஈரம். குரங்குக் குல்லாவுக்குள் கையை விட்டாள், முடி முழுக்க நனைந்து தலையோடு ஒட்டிக் கிடந்தது, மார்கழியில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டின மாதிரி. காய்ச்சல் ஏறும்போது இப்படியா வேர்க்கும், அன்றைக்கு வேர்க்கவில்லையே, காய்ந்த சட்டி மாதிரியல்லவா இருந்தாள். இமல்டா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், அங்கேயும் ஈரம். நிமிர்ந்து பார்த்தால் விறகு அடுப்பு திகுதிகுவென்று எரிகிறது, போகும்போது மைனி இன்னும் ரெண்டு கட்டையைச் செருகிவிட்டுப் போயிருக்கிறாள். காலையில் தர்ஷி இவர்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்தானே, தர்ஷி யாழ்ப்பாணத்துக்காரி, மூன்று பிள்ளைகளை இந்தக் குளிரில் வளர்த்தவள், என்னப்பா இது, உப்பிடிப் பொத்தி வைச்சா பிள்ளை அவிஞ்செல்லோ போகும் என்று. மைனி அதற்கு, உங்க பிள்ளைய உங்க இஷ்டத்துக்கு வளங்கம்மா என்றுவிட்டாள். இமல்டா குல்லாவைக் கழற்றினாள். கையில்லாத ஸ்வெட்டரைக் கழற்றினாள், அதற்குள் கைவைத்த ஸ்வெட்டர், அதற்குள் ஃபிளானல் சட்டை, அதற்குள் பனியன், ரெட்டைக் காலுறை, வெங்காயம் உரிப்பது மாதிரி உரிக்க உரிக்க வந்தது, கண்ணும் எரிந்தது. அடுப்பை விட்டு ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு வந்தாள். பனியனோடு நின்ற பிள்ளை ஒரு நீண்ட மூச்சு விட்டது, பெரியவர்கள் பஸ்ஸில் இடம் கிடைத்ததும் விடுகிற மூச்சு, அப்புறம் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் வயிற்றைத் தானே தட்டிப் பார்த்தது.

அவள் காத்திருந்தாள். நெற்றியைத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். சூடு இறங்கியது, கொஞ்சம், இன்னும் கொஞ்சம், பிறகு சாதாரணமாக ஒரு பிள்ளை இருக்கிற சூடு. காய்ச்சலும் இல்லை கத்தரிக்காயும் இல்லை, அவித்து வைத்திருந்தோம், அவ்வளவுதான். சிரிப்பு வந்தது, சிரிப்பின் பின்னாலேயே ஒரு கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம், மைனிமேல், டெரன்ஸ்மேல், சிஸ்டர்மேல், விரலை எடுக்காமல் நின்ற அந்த முட்டாள் பெண்மேல். நம்ம ரத்தம் வேறயாம். தூத்துக்குடியில் இவள் வீடு இருந்ததே ஐஸ் கம்பெனித் தெருவில், அப்பா படகுக்கு ஐஸ் ஏற்றுகிறவர், விடிவதற்கு முன்னால் நொறுக்குகிற மெஷின் கரகரவென்று அரைக்கும், சாக்குக்குள் உமி போட்டுக் கட்டிகளைச் சுற்றி இழுத்துப் போவார்கள், தெருப் பிள்ளைகள் எல்லாம் வண்டிக்குப் பின்னால் ஓடிச் சிந்தின துண்டுகளைப் பொறுக்கி மீன்வாடையோடு வாயில் போட்டுக் கடிப்போம், பல் கூசும், அப்பா தன் கையாலேயே ஒரு சில்லை உடைத்து, இந்தாட்டி உனக்கு வைரம் என்று கொடுப்பார், ஒருத்தருக்கும் ஜன்னி வரவில்லை. ஐஸுக்குள் பிறந்து ஐஸுக்குள் வளர்ந்தது யார் மைனி? ஆனால் ஜன்னி திரும்ப வரலாம். அதையும் டாக்டர் சொன்னாள்தான், வரலாம் வராமலும் போகலாம் என்று. இங்கே இருந்தாலும் வரலாம், தூத்துக்குடி வெயிலில் அத்தை மடியில் இருந்தாலும் வரலாம், அப்போது கண் செருகுகிற அந்த நேரத்தில் பிள்ளை கடைசியாகப் பார்க்கிற முகம் எதுவாக இருக்கும்? அந்த இடத்தில் அவள் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது, நகரவில்லை. என் முகமாக இருக்கட்டும். பயம் போகாது, போகவே வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு இடுப்பில் பிள்ளை, மறு இடுப்பில் அது, ரெண்டையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

தர்ஷி தன் கடைக்குட்டி போட்ட ஸ்னோ சூட்டைப் பையில் வைத்துக் கொடுத்திருந்தாள், இந்த ஒண்டு காணும், உள்ளுக்கு மெல்லிசாப் போட்டா முடிஞ்சுது என்று, மைனி பார்க்காத நேரத்தில். அது சோபாவுக்குப் பின்னால் கிடந்தது. காய்ந்த சட்டை ஒன்று, காலுறை ஒன்று, மேலே அந்த ஆரஞ்சு நிற உடுப்பு, அதனுடைய தொப்பி, கையுறை. தலையைத் துவட்டி நன்றாகக் காயவிட்டுத்தான் போட்டாள். அப்போதுதான் பிள்ளையின் காதைப் பார்த்தாள். ரெண்டு காதிலும் மைனி திணித்த பஞ்சு. காத்து ஏறிரும் என்று தினமும் மாற்றி மாற்றித் திணிக்கிற பஞ்சு. இத்தனை நாளாக இந்தப் பிள்ளை எல்லாவற்றையும் பஞ்சுக்குள்ளிருந்தேதான் கேட்டிருக்கிறது, தாலாட்டையும்கூட. இமல்டா மெதுவாக உருவி எடுத்தாள், ஒன்று, இன்னொன்று. அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே எறிந்தாள். பொசுக்கென்று எரிந்து போனது, சத்தம்கூட இல்லை. மேசைமேல் கார்ச்சாவி கிடந்தது, ஓட்டைக்குள்ள விழுந்துட்டா அப்புறம் மீன்தான் கார் ஓட்டும் மாப்ள என்று கதிரேசன் அண்ணன் பயமுறுத்தியதால் டெரன்ஸ் இவளிடம் விட்டுப் போனது. அன்றைக்கு மைனி பிள்ளையின் கைக்குள் வைத்து அழுத்தின அதே சாவி. எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

குளிர் முகத்தில் அறைந்தது. அறையட்டும். பிள்ளை கண்ணைச் சுருக்கி, மூக்கைச் சுருக்கி, தும்மியது. தும்மல்தான், வெறும் தும்மல், நட. பனியில் கால் வைத்தால் கஞ்சி போட்ட சேலையை மடிக்கிற சத்தம். அடுக்களைத் தோட்டம் அளவுக்கு ஒரு சின்ன இறக்கம், நாணல் முனைகள், அதோடு கரை முடிந்தது. அங்கே நின்றாள். இனி ஏரி. மேலே பனி தூவிக் கிடந்தாலும் அடியில் தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும், கடலோடு வளர்ந்தவளுக்குத் தெரியாதா, நேற்றுப் போனில் சொன்னபோது அப்பாவே, தண்ணி மேல நடக்கியளா, ஏட்டி நாங்க ஐஸ மீனுக்குத்தான் போடுவோம், மனுசனுக்கா என்று சிரித்தார். காலையிலிருந்து ஒரு டிரக்கே அதன்மேல் நிற்கிறது. அத்தனை பேர் நிற்கிறார்கள். மீன் பொரிகிற வாசனை காற்றில் வந்தது, மிளகாய்ப்பொடியும் எண்ணெயுமாக, யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள், பிள்ளைகள் சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள், யாரோ யார்மேலோ பனி உருண்டையை எறிந்தார்கள், தர்ஷியின் சிரிப்பு தனியாகக் கேட்டது, ஜோவிட்டா அந்தச் சத்தத்துக்கெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், காது திறந்த பிள்ளை. ஏங்க என்று இமல்டா கூப்பிட்டாள். காற்று அவள் குரலை எடுத்து வேறெங்கோ கொண்டு போயிற்று. ஒருவரும் திரும்பவில்லை. எல்லார் முதுகும் இந்தப் பக்கம், எல்லார் முகமும் ஓட்டைப் பக்கம். இப்போதுகூடத் திரும்பிப் போய்விடலாம், யாரும் பார்க்கவில்லை, உடுப்பை மாற்றிவிட்டு அடுப்போரம் உட்கார்ந்துவிட்டால் வந்ததே யாருக்கும் தெரியாது, புதுப் பஞ்சு மைனியின் பையில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒரு ம் சொன்னால் போதும். கால் அதற்குச் சம்மதித்து ஒரு அடி பின்னால்கூட வைத்துவிட்டது. கை மட்டும் சம்மதிக்கவில்லை. பைக்குள் போய்ச் சாவியைத் தேடி, அந்தச் சிவப்புப் பட்டனைத் தேடி, அழுத்தியது.

வீட்டு வாசலில் கார் அலறியது. பனிமேல் அந்தச் சத்தம் ஓடிப்போய் அக்கரையில் மோதித் திரும்பி வந்தது. ஏரிமேல் மிளகெல்லாம் ஒரே நேரத்தில் அசைந்து, அத்தனை முகமும் இந்தப் பக்கம் திரும்பியது. இமல்டா ஐஸில் கால் வைத்தாள். தாங்கியது. அடுத்த கால். ஒரு கறுப்பு உருவம் கூட்டத்திலிருந்து பிய்ந்து ஓடி வந்தது, வழுக்கி விழுந்து எழுந்து ஓடியது, அது டெரன்ஸ், அவனுக்குப் பின்னால் ரெண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு மைனி, வந்துட்டா, ஐயோ மாதாவே, மறுபடியும் வந்துட்டா, ஜன்னி வந்துட்டா? என்று கத்திக்கொண்டே வந்தாள். டெரன்ஸ் முட்டி போட்ட மாதிரி முன்னால் வந்து நின்று பிள்ளையைப் பார்த்தான், பிள்ளை அவனைப் பார்த்து, மீசையில் ஒட்டியிருந்த பனியைப் பிடிக்கக் கையை நீட்டியது. "ஒண்ணும் வரல மைனி," என்றாள் இமல்டா, "நாங்கதான் வந்திருக்கோம்." மைனிக்கு மூச்சு வாங்கியது. குல்லா எங்கட்டி, ஸ்வெட்டர் எங்க, காதுல பஞ்சு எங்க, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு என்றாள். "பஞ்ச அடுப்புல போட்டாச்சு." ஏல டெரன்ஸ், இவ பேசுததக் கேட்டியாலே, நீ என்னன்னு கேளு என்று மைனி தம்பியிடம் திரும்பினாள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும் என்றுதான் இமல்டா பேசினாள். "உங்க தம்பிட்ட கேக்காதிய மைனி, நான் சொல்லுதேன். வெள்ளிக்கிழமை நீங்க மட்டும்தான் போறிய. ஜோவி எங்கேயும் போகமாட்டா. அங்க தொட்டில ஏத்தி வச்சிரச் சொல்லுங்க." தூரத்தில் கதிரேசன் அண்ணன், யாராச்சும் அந்தக் கார அமத்துங்கப்பா, மீனெல்லாம் பயந்து ஓடுது என்று கத்தினார், பிறகு இவளை அடையாளம் கண்டு, ஏ, தங்கச்சி வந்துருச்சு, முள்ளில்லாத துண்டா எடுத்து வைங்க என்றார். சாவி கையிலேயே இருந்தது. அவள் அமத்தவில்லை. டெரன்ஸையும் மைனியையும் தாண்டி, வழுக்காமல் பாதம் முழுதும் ஊன்றி, மீன் பொரிகிற இடத்தைப் பார்த்து நடந்தாள், பின்னால் கார் கத்திக்கொண்டே இருந்தது, பிள்ளை அதையும் திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டே வந்தது.